கையால் ஏற்றினால் ஏறுகிறது, தானாக ஏன் ஏறவில்லை?

"அண்ணை, காலமை காலமை கொமாண்ட் அடிச்சாத்தான் இன்ரநெற் வருது. கரண்ட் போய் வந்தா திரும்பவும் இல்லை. இது தானா ஏறுறதுக்கு என்ன செய்யவேணும்?"

கேட்டவர், கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் அறை எடுத்துத் தங்கி ஆசிரியப் பயிற்சி பெறும் ஒரு தம்பி. அவரிடம் இருப்பது ரவுணில் வாங்கிய பாவித்த மேசைக் கணினி. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு புதுக் கணினி என்பது இங்கே பல வீடுகளுக்கு எட்டாத காரியமாகிவிட்டது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. ஆகவே தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டார். எல்லாம் ஓடுகிறது. நெற்வேர்க் கார்ட் மட்டும் ஒவ்வொரு முறையும் கையால் எழுப்பினால்தான் எழும்புகிறது.

அவர் தட்டும் கட்டளை "சூடோ மொட்புரோப் ஆர்8169". (கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன். திரையில் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும்.) தட்டியதும் வயரில் வரும் இணைப்பு உயிர் பெறுகிறது. ஆகக் கார்ட்டில் பழுதில்லை, ட்றைவரிலும் பழுதில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லலாம்: கணினி தொடங்கும்போது ஏற்றவேண்டிய மொடியூல்களின் பட்டியலில் அந்தப் பெயரை எழுதிவிடு. பலரும் அதைத்தான் சொல்வார்கள். தம்பியும் அதைச் செய்திருந்தார். பலிக்கவில்லை. எனவே நீண்ட விடைதான் வேண்டும். "இரும் தம்பி, தேத்தண்ணி ஊத்துறன்" என்றேன். ஒரு கோப்பைக்குள் முடிகிற கதை இல்லை இது.

ட்றைவர் எங்கே இருக்கிறது?

லினக்ஸின் மையப் பகுதியைக் கேர்னல் என்கிறோம். வன்பொருளோடு நேரே பேசுவது அதுதான். ஆனால் உலகத்தில் உள்ள எல்லாக் கார்ட்டுகளுக்குமான ட்றைவர்களையும் அது எந்நேரமும் நினைவகத்தில் சுமந்துகொண்டு இருப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கார்ட்டுக்கும் உரிய ட்றைவர் தனித்தனிக் கோப்பாக வட்டில் கிடக்கும். அதற்குத்தான் மொடியூல் என்று பெயர். தேவைப்படும்போது அதை எடுத்துக் கேர்னலோடு சேர்க்கலாம், தேவையில்லையென்றால் கழற்றலாம். ஒரே லினக்ஸ், பத்து வருடப் பழைய மேசைக் கணினியிலும் இன்றைய லப்டொப்பிலும் ஏறுவது இதனால்தான்.

இந்த மொடியூல்கள் "லிப்" என்ற கோப்புறைக்குள் "மொடியூல்ஸ்" என்ற கோப்புறையில் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு கேர்னல் பதிப்புக்கும் ஒரு தனிக் கோப்புறை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். கேர்னல் புதுப்பிக்கப்பட்டால் புதிய கோப்புறை வரும். பழைய கோப்புறையில் நீங்கள் கையால் கொண்டுபோய் வைத்த ட்றைவர் புதியதற்குள் தானாகப் போய்விடாது. "நேற்று ஓடினது, அப்டேட் பண்ணினதும் நிண்டுட்டுது" என்ற முறைப்பாட்டில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

மொடியூலை ஏற்ற இரண்டு கட்டளைகள் உண்டு. "இன்ஸ்மொட்" கோப்பின் முழுப் பாதையையும் கேட்கும். அது சொன்ன ஒன்றை மட்டும் ஏற்றும். அந்த மொடியூல் வேறொன்றை நம்பியிருந்தால் கைவிரித்துவிடும். "மொட்புரோப்" பெயரைச் சொன்னால் போதும். எது எதை நம்பியிருக்கிறது என்ற அட்டவணை ஒன்று வட்டில் இருக்கிறது. கேர்னலை நிறுவும்போது "டெப்மொட்" என்ற நிரல் அதை எழுதி வைக்கிறது. மொட்புரோப் அதைப் பார்த்து, முன்னால் ஏறவேண்டியவற்றை முன்னால் ஏற்றிவிட்டு, கேட்டதைக் கடைசியில் ஏற்றும்.

தானாக ஏறுவது எப்படி?

யாரும் கட்டளை தட்டாத கணினியில் இது எப்படி நடக்கிறது? கேர்னல் ஊகிப்பதில்லை. கார்ட் தானே தன்னைச் சொல்கிறது.

பிசிஐ என்ற இணைப்புமுறையை இன்டெல் 1992இல் கொண்டுவந்தது. அதில் வரும் ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் ஒரு சிறு பதிவேடு இருக்கும். அதன் முதல் நான்கு பைட்டுகளில் இரண்டு இலக்கங்கள்: ஒன்று தயாரித்த நிறுவனத்தின் இலக்கம், மற்றது சாதனத்தின் இலக்கம். இன்டெலின் நிறுவன இலக்கம் 8086. 1978இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரையே தங்கள் இலக்கமாக எடுத்துக்கொண்டார்கள். தாய்வானின் ரியல்டெக் நிறுவனத்துக்கு 10இசி. மலிவான மேசைக் கணினிகளின் தாய்ப்பலகையில் பெரும்பாலும் பற்றவைத்திருப்பது ரியல்டெக் கார்ட்தான். தம்பியின் கணினியில் இருப்பதும் அதுவே: நிறுவன இலக்கம் 10இசி, சாதன இலக்கம் 8168.

ஒவ்வொரு ட்றைவரையும் எழுதுகிறவர்கள், அது எந்தெந்த இலக்கமுள்ள கார்ட்டுகளை ஓட்டும் என்று ட்றைவருக்குள்ளேயே எழுதி வைக்கிறார்கள். டெப்மொட் எல்லா மொடியூல்களையும் திறந்து பார்த்து, அந்த இலக்கங்களை "மொடியூல்ஸ்.எலியஸ்" என்ற இன்னொரு கோப்பில் தொகுத்து வைக்கிறது.

இனித் தொடக்கத்தில் நடப்பது இது. கேர்னல் ஒரு கார்ட்டைக் கண்டதும் அதன் இலக்கங்களை ஒரே வரியாகக் கோத்து, "இப்படி ஒருவர் வந்திருக்கிறார்" என்று அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பது யூடெவ் என்ற நிரல். அது அந்த வரியை எலியஸ் கோப்பில் தேடுகிறது, பொருந்தும் மொடியூலைக் கண்டுபிடித்து ஏற்றுகிறது. ஊர்க் கலியாணப் புறோக்கரின் வேலைதான். ஒரு பக்கத்துக் குறிப்பு கையில் வந்ததும், தன் கொப்பியைப் புரட்டி, பொருந்துகிற மறுபக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறார். பத்துப் பொருத்தமும் பார்க்கத் தேவையில்லை என்று சில வீட்டார் சொல்வதுபோல, எலியஸ் கோப்பிலும் பல இடங்களில் நட்சத்திரக் குறி இருக்கும். அந்த விபரம் எதுவாக இருந்தாலும் சரி என்று அதற்குப் பொருள். நிறுவனமும் சாதனமும் பொருந்தினால் காரியம் முடிந்தது.

ஒரு நுணுக்கம் உண்டு. கேர்னல் கார்ட்டைக் காணும் நேரத்தில் யூடெவ் இன்னும் எழும்பியிருக்காது. அறிவிப்பைக் கேட்க ஆளில்லை. அதனால் யூடெவ் எழும்பிய உடனே, ஏற்கெனவே இருக்கும் சாதனங்கள் எல்லாவற்றையும் மறுபடி அறிவிக்கும்படி கேர்னலிடம் கேட்கப்படுகிறது. இரண்டாம் முறை சொல்லும்போது எல்லாம் காதில் விழுகிறது. பிறகு செருகும் யூஎஸ்பி சாதனங்களுக்கும் இதே வழிதான். தொடக்கத்துக்கு ஒரு வழி, பிந்தி வருகிறவற்றுக்கு இன்னொரு வழி என்று இல்லை.

ஆகவே இன்றைய லினக்ஸில் நெற்வேர்க் கார்ட்டின் ட்றைவர் தானாக ஏறுவதுதான் வழமை. அதற்கென்று நாம் எதையும் எழுதத் தேவையில்லை. ஏறவில்லை என்றால் இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது, அல்லது யாரோ அறுத்திருக்கிறார்கள்.

பழைய வழி ஏன் இன்னும் உலாவுகிறது?

"பெயரைப் பட்டியலில் எழுது" என்ற ஆலோசனை பிழையானது அல்ல. அது வேறொரு காலத்துக்கு உரியது.

லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தது 1991இல். அப்போது எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. 1990இல் நின்றுபோயிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட நாட்கள் அவை. வெளியுலகில் அந்தக் காலத்துக் கணினிகளில் இருந்தவை ஐஎஸ்ஏ வகைக் கார்ட்டுகள். என்ஈ2000 என்ற வகை மிகப் பிரபலம். அந்தக் கார்ட்டுக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் குறுக்கீட்டு எண்ணைப் பயன்படுத்துகிறது என்பதை மனிதர்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். ட்றைவர் தானாகத் தேடிப் பார்க்கப் போய், பிழையான முகவரியைத் தொட்டு, முழுக் கணினியும் உறைந்துபோவதும் நடந்தது.

பிசிஐ வந்த பிறகும் சில காலம் பழக்கம் மாறவில்லை. அமைப்புக் கோப்பில் "எலியஸ் ஈத்0 8139டூ" என்பதுபோல ஒரு வரி இருக்கும். முதலாவது நெற்வேர்க் கார்ட்டுக்கு இந்த ட்றைவர் என்று அதற்குப் பொருள். ரியல்டெக்கின் 8139 சில்லு உள்ள மலிவுக் கார்ட்டுகள் உலகமெங்கும் விற்ற காலம் அது. அந்த நாட்களில் லினக்ஸின் ஈதர்நெற் ட்றைவர்களில் பலவற்றை எழுதியவர் நாசாவின் கோடார்ட் மையத்தில் வேலைசெய்த டொனால்ட் பெக்கர். இன்று நாம் கேள்வி கேட்காமல் பாவிப்பதற்கு அவருடைய உழைப்பும் ஓர் அடித்தளம்.

2003 டிசம்பரில் கேர்னல் 2.6 வந்தது. அதே ஆண்டில்தான் கிரெக் குரோவா-ஹார்ட்மன் யூடெவ்வை எழுதத் தொடங்கினார். அதற்குப் பின் கார்ட்டின் இலக்கத்தைக் கொண்டு ட்றைவரைத் தேடி ஏற்றுவது பொது வழியாகிவிட்டது. கைப்பட எழுதும் வரிக்குத் தேவை குறைந்தது. ஆனால் ஆலோசனைகளுக்கு ஆயுள் அதிகம். இருபது வருடத்துக்கு முந்திய மருந்தைத் தம்பி இன்றைய நோய்க்குச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டு வரிகளைப் பாருங்கள்

இரண்டாவது கோப்பை ஊற்றிய பிறகு தம்பியின் கணினிக்குப் போனோம். புதிதாக றீஸ்ராட் செய்து, கையால் எதையும் ஏற்றாமல், "எல்எஸ்பிசிஐ" என்ற கட்டளையைத் தட்டச் சொன்னேன். அதன் பின்னால் ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, பிறகு என், என், கே என்ற மூன்று சிறிய எழுத்துகள். கணினியில் உள்ள பிசிஐ சாதனங்கள் எல்லாம் இலக்கங்களோடு வரிசையாக வரும். ஈதர்நெற் என்று இருக்கும் பகுதிக்குக் கீழே இரண்டு வரிகளைத் தேடவேண்டும். ஒன்று, இந்தக் கார்ட்டுக்குப் பொருந்தும் மொடியூல்கள் எவை என்று சொல்லும். மற்றது, இப்போது உண்மையில் அதை ஓட்டிக்கொண்டிருப்பது எது என்று சொல்லும்.

இந்த இரண்டு வரிகளும் பாதி நோயைச் சொல்லிவிடும். கார்ட்டே பட்டியலில் இல்லையென்றால் பயோஸில் அணைத்திருக்கிறதா, கார்ட் பழுதா என்று பார்க்கவேண்டும். கார்ட் இருக்கிறது, பொருந்தும் மொடியூல் இல்லையென்றால் இந்தக் கேர்னலில் அதற்கு ட்றைவர் இல்லை. இரண்டு வரிகளும் இருந்தால் ட்றைவர் தன் வேலையைச் செய்கிறது, பிழையை வேறெங்கோ தேடவேண்டும். பொருந்தும் மொடியூல் இருக்கிறது, ஆனால் ஓட்டுகிறவர் என்ற வரியைக் காணவில்லை என்றால்? மொடியூல் ஏற முயன்று தோற்றிருக்கிறது, அல்லது ஏறவிடாமல் தடுக்கப்பட்டிருக்கிறது.

தம்பியின் திரையில் நான்காவது நிலைதான் இருந்தது. கையால் ஏற்றும்போது ஒழுங்காக ஏறுகிறது என்பதால் தோல்வி இல்லை. மிஞ்சுவது தடை.

தடைகள் எழுதப்படும் இடம் "ஈடிசி" கோப்புறைக்குள் இருக்கும் "மொட்புரோப்.டி" என்ற கோப்புறை. அங்கே உள்ள கோப்புகளில் ஆர்8169 என்ற பெயரைக் "கிரெப்" கட்டளையால் தேடினோம். ஒரு கோப்பில் "பிளக்லிஸ்ட் ஆர்8169" என்ற வரி குந்தியிருந்தது.

அது எப்படி வந்தது என்பதும் சொல்லவேண்டிய கதை. 8168 கார்ட்டுக்குக் கேர்னலோடு வரும் ட்றைவர் ஆர்8169. ரியல்டெக் நிறுவனம் தனியாக ஆர்8168 என்று ஒரு ட்றைவரை வெளியிடுகிறது. சில கணினிகளில் ஆர்8169 இணைப்பை அறுப்பதாகவோ வேகம் குறைப்பதாகவோ தெரிந்தால், "ஆர்8168 போடு" என்று சொல்வது வழக்கம். இரண்டும் ஒரே கார்ட்டுக்கு உரிமை கோருவதால் ஒன்றை ஒதுக்கவேண்டும். அதனால் ஆர்8168 பொதிகளில் சில, நிறுவப்படும்போது ஆர்8169ஐத் தடுக்கும் வரியையும் சேர்த்தே எழுதிவிடும். மின்ட் போட்டுக் கொடுத்தவர் முதலில் அந்தப் பொதியைப் போட்டு, சரிவராமல் பிறகு கழற்றியிருக்கிறார். டெபியன், உபுண்டு, மின்ட் குடும்பத்தில் பொதியைக் கழற்றினாலும் ஈடிசிக்குள் இருக்கும் அதன் அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும். "பேர்ஜ்" என்று சொல்லிக் கழற்றினால்தான் அவையும் போகும். ட்றைவர் போய்விட்டது, தடை மட்டும் மிஞ்சிவிட்டது.

"அப்ப நான் அடிக்கேக்க மட்டும் எப்படி ஏறுது?" என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பிளக்லிஸ்ட் என்ற சொல் மொடியூலை முழுதாகப் பூட்டுவதில்லை. இலக்கத்தைக் கொண்டு தேடும்போது அந்த மொடியூலைக் கணக்கில் எடுக்காதே என்பதே அதன் பொருள். புறோக்கருக்குப் போட்ட தடை அது. பெயரைச் சொல்லி நேரே மொட்புரோப் செய்வது காதல் கலியாணம். அங்கே புறோக்கருக்கு என்ன வேலை?

அப்படியானால் தொடக்கப் பட்டியலில் பெயரை எழுதியும் ஏன் ஏறவில்லை? அந்தப் பட்டியல் ஈடிசிக்குள் "மொடியூல்ஸ்-லோட்.டி" என்ற கோப்புறையில் இருக்கிறது. தொடக்கத்தில் அதைப் படிப்பது, சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி என்ற நிரலின் ஒரு சேவை. பெயரைக் கொண்டே ஏற்றினாலும், அந்தச் சேவை பிளக்லிஸ்டை மதிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. தடுத்த பெயர் வந்தால், தடுக்கப்பட்டது என்று பதிவில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். கையால் தட்டினால் ஏறுவதும், பட்டியலில் எழுதினால் ஏறாததும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே வரிதான்.

மருந்து சின்னது. மிஞ்சிக் கிடந்த பொதியைப் பேர்ஜ் செய்தோம். தடை வரி எங்கும் இல்லை என்று மறுபடி தேடிப் பார்த்தோம். தம்பி பட்டியலில் எழுதிய வரியையும் அழித்தோம், இனி அது தேவையில்லை. கடைசியாக "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்" கட்டளையை, சிறுகோடு யூ சேர்த்துத் தட்டினோம். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணினி தொடங்கும்போது வட்டைத் திறப்பதற்கு முன் நினைவகத்தில் இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஒரு சிறிய கோப்பு முறைமை விரிகிறது. அதற்குள் மொட்புரோப்.டி கோப்புகளின் பிரதியும் இருக்கும். மூலத்தைத் திருத்திவிட்டுப் பிரதியைத் திருத்தாவிட்டால் பழைய தடை அங்கே உயிரோடு இருக்கலாம்.

றீஸ்ராட் செய்தோம். எல்எஸ்பிசிஐ ஓட்டுகிறவர் ஆர்8169 என்று காட்டியது. கட்டளை எதுவும் தட்டவில்லை.

வேறு இடங்களில் அறும் கண்ணிகள்

எல்லாக் கணினியிலும் தடைதான் காரணம் என்று இல்லை. மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வைஃபை கார்ட்டுகளுக்கு ட்றைவர் மட்டும் போதாது. கார்ட்டுக்குள்ளே ஓடவேண்டிய ஃபேம்வெயர் என்ற சிறு நிரலும் வேண்டும். ட்றைவர் ஏறி, ஃபேம்வெயர் கோப்பைத் தேடி, காணாமல் நின்றுவிடும். "டிஎம்இஎஸ்ஜி" கட்டளையின் பதிவில் எந்தக் கோப்பைக் காணவில்லை என்று பெயரோடு இருக்கும். டெபியனில் இந்தத் தொல்லை நீண்டகாலம் இருந்தது. கட்டற்றவை அல்லாத ஃபேம்வெயர்களை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அவர்கள் சேர்க்காமல் இருந்தார்கள். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூன் 10இல் வந்த டெபியன் 12இலிருந்து அவை வட்டிலேயே வருகின்றன.

கேர்னலோடு வராத ட்றைவரை டிகேஎம்எஸ் என்ற முறையில் போட்டால், கேர்னல் மாறும்போதெல்லாம் அது புதிதாகத் தொகுக்கப்படும். அதற்குக் கேர்னல் ஹெடர் பொதிகள் இருக்கவேண்டும். அவை இல்லையென்றால் புதிய கேர்னலுக்கு ட்றைவர் இருக்காது. செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு முறை இயக்கத்தில் இருந்தால், கையொப்பமில்லாத மொடியூலைக் கேர்னல் ஏற்க மறுக்கும். இந்தத் தலையிடியைக் குறைக்கச் சிறந்த வழி, கேர்னலோடு வரும் ட்றைவர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது. முன்பு வெளியிலிருந்து எடுக்கவேண்டியிருந்த சில ரியல்டெக் யூஎஸ்பி வைஃபை குச்சிகளுக்கு, 2023 பெப்ரவரியில் வந்த 6.2 பதிப்பிலிருந்து கேர்னலிலேயே ட்றைவர் இருக்கிறது.

இங்கே எல்லோரும் பாவிக்கும் டொங்கிள்களில் சில, செருகியதும் தம்மை ஒரு சீடி என்று அறிமுகம் செய்துகொள்ளும். விண்டோஸுக்கான ட்றைவரை உள்ளே வைத்திருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பொய்ப் பெயர் சொன்னால் சரியான ட்றைவர் எப்படிக் கிடைக்கும்? "யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்" என்ற பொதி அதை மோடமாக மாறச் சொல்லும். மாறியதும் புதிய இலக்கத்தோடு மறுபடி அறிவிப்பு வரும், வழமையான வழியில் ட்றைவர் ஏறும்.

ட்றைவர் ஏறியும் இணையம் வராத சந்தர்ப்பமும் உண்டு. 2013இலிருந்து சிஸ்டம்டி, கார்ட்டுகளுக்கு ஈத்0 என்ற பழைய பெயருக்குப் பதிலாக, அவை செருகியிருக்கும் இடத்தைக் குறிக்கும் பெயரை வைக்கிறது. ஈஎன்பி3எஸ்0 என்பதுபோல இருக்கும். பழைய அமைப்புக் கோப்பு ஈத்0ஐத் தேடிக்கொண்டிருந்தால் அதில் ட்றைவரின் குற்றம் ஒன்றும் இல்லை.

பட்டியல் உண்மையில் எப்போது வேண்டும்?

எந்தச் சாதனமும் அறிவிக்காத மொடியூல்களுக்கு அது வேண்டும். பல கார்ட்டுகளை ஒன்றாகக் கட்டும் பொண்டிங், நெற்வேர்க் பாலத்தின் வழியே போகும் தரவைச் சலிக்கும் மொடியூல் போன்றவை வன்பொருள் அல்ல. அவை தம்மை யாருக்கும் அறிமுகம் செய்துகொள்ளாது. சேவையகம் நடத்துகிறவர்கள் அவற்றின் பெயரை மொடியூல்ஸ்-லோட்.டியில் எழுதுவது சரியான பாவனை. எங்கோ ஒரு மூலையில் ஐஎஸ்ஏ கார்ட் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதற்கும் வேண்டும்.

பாடசாலைக் கணினிக் கூடங்களுக்கு இன்னொரு தேவை வரலாம். வட்டில்லாத பழைய கணினிகளை ஒரு சேவையகத்திலிருந்து நெற்வேர்க் வழியாகத் தொடங்கலாம். அங்கே முழு இயங்குதளமும் கார்ட் வழியாகத்தான் வரவேண்டும். ஆகவே ட்றைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே இருக்கவேண்டும். ஆர்8169 என்றால் அதோடு ரியல்டெக் என்ற துணை மொடியூலும் சேரவேண்டும். அது இல்லையென்றால் கேர்னலே, அதை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்க்கவேண்டியிருக்கலாம் என்று பதிவில் எழுதிக் காட்டும். இப்படிச் சொல்லித் தரும் பிழைச் செய்திகள் குறைவு. வரும்போது வாசியுங்கள்.

கோப்பாயில் ஆசிரிய கலாசாலையும் இருக்கிறது, தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கிறது. இங்கே பயின்று போகிறவர்களில் ஒருவர் நாளைக்கு ஏதோ ஒரு பாடசாலையில் பத்துப் பழைய கணினிகளுக்குப் பொறுப்பாக நிற்பார். அவர்களுக்குச் சொல்ல இரண்டு விடயங்கள் உண்டு. தானாக ஏறாத ட்றைவரைக் கண்டால், ஏற்றும் வரியை எழுத முதல் அதைத் தடுக்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டாவது, மொட்புரோப்.டிக்குள் நீங்களே ஒரு வரி எழுதினால், அதற்கு மேலே ஹேஷ் குறி போட்டு, யார், எந்தத் திகதியில், எதற்காக எழுதினீர்கள் என்று ஒரு குறிப்பையும் எழுதிவிடுங்கள். அந்தக் கணினியை உங்களுக்குப் பிறகு பாவிக்கப்போகிறவருக்கு அது போதும்.